வெள்ளை நாடா

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்களின் பெயர்கூட மறந்துபோகும், கட்டக்காவை மறந்தவர் கிடையாது. தரைத்தளத்துக்கும் கீழே, வெயில் எட்டிப் பார்க்காத ஒரு நீள அறையில், இருபத்தாறு வருடமாக நோயாளிகளின் ஃபைல்களைக் கட்டி அடுக்கிக்கொண்டிருப்பவள் அவள். சேர்ந்த புதிதில் லிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர் கேலிக்கு வைத்த பெயர் அது. அவர் ரிட்டயர் ஆகிப் போய்விட்டார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அவளுடைய சொந்தப் பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

அறையில் ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. வந்து மூன்று வருடம் ஆகிறது. உறையும் உறைமேல் தூசியுமாக, புது மாப்பிள்ளை மாதிரி மூலையில் உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதை வேலை வாங்கியதில்லை. வேலை முழுக்க கட்டக்காவின் கையிலும், மேஜை மேல் கிடக்கும் தடித்த பெயர்ப் பதிவேட்டிலும்தான்.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிற அட்டை, ஒரு ரேக். ஒரே ஆள் நாலு நோய்க்கு நாலு பிரிவுக்குப் போனால் நாலு ஃபைல், நாலு ரேக்கில் நாலு திசையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிவப்பு நாடாவால் கட்டுவாள். அந்த ஆள் இறந்துபோனால் மட்டும் விதி மாறும். எங்கெங்கோ கிடக்கிற அவருடைய ஃபைல்களையெல்லாம் பொறுக்கியெடுத்து, ஒன்றாக அடுக்கி, ஒரே வெள்ளை நாடாவால் கட்டி உள்ளறையில் வைக்க வேண்டும். "உயிரோட இருக்கிறவரைக்கும் மனுஷனைத் துண்டு துண்டா வச்சிருப்போம். செத்தா முழுசாக்கிடுவோம்" என்று புதிதாக வருகிற கிளார்க்குகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பின்னால் வருத்தப்பட்டாள்.

அவளுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, ஃபைலைப் பிரித்துப் படிக்க மாட்டாள். மனிதர்கள் புருஷன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை டாக்டரிடம் சொல்கிறார்கள். அதைக் கட்டுகிறவள் படிக்கக் கூடாது என்பது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். இரண்டாவது, துண்டுச் சீட்டு. ஒருவரை வார்டில் சேர்ப்பதற்கு முன்னால் கீழே ஒரு சீட்டு வரும்: இவருக்கு வேறு பிரிவில் ஃபைல் உண்டா? கட்டக்கா பதிவேட்டைப் புரட்டி 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மேலே வைத்தியம் நடக்கும். இருபத்தாறு வருடத்தில் ஒரு சீட்டும் தப்பாகப் போனதில்லை.

அவளுடைய தம்பிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே அவனை வைரம் என்பார்கள். கண்ணாடி வெட்டும் கத்தியின் நுனியில் இருக்கும் வைரத் துணுக்குக்காக வந்த பெயரா, அவன் கை சுத்தத்துக்காக வந்த பெயரா என்று கேட்டால், கடைக்காரர் இரண்டுக்கும்தான் என்பார். கண்ணாடியில் கோடு ஒரே இழுப்பில் விழ வேண்டும். போன வழியிலேயே இன்னொரு தடவை கத்தியை ஓட்டினால் கண்ணாடி நம் பேச்சைக் கேட்காது, தன் இஷ்டத்துக்கு உடையும். ஆள் உயரக் கண்ணாடியைப் பலகைமேல் கிடத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்து, அடியில் மெல்லத் தட்டுவான். கத்தரித்த காகிதம் மாதிரி இரண்டாகப் பிரியும்.

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். அம்மா போன பிறகு கட்டக்காதான் அவனை வளர்த்தாள். வளர்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தன் கல்யாண வயது போயிருந்தது. அதற்காக அவள் யாரையும் நொந்துகொண்டதில்லை. அவனுக்குக் கல்யாணம் நடந்தது, பெண் குழந்தை பிறந்தது, எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். முப்பத்து நாலாவது வயதில் அவனுக்கு அது வந்தது.

எது என்று கேட்டால், அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒருநாள் காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சட்டையின் ஒரு கையில் கை நுழைந்திருந்தது, இன்னொரு கை தொங்கிக்கொண்டிருந்தது. ஒருமணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அப்படியே இருந்தான். "என்னடா?" என்றால், "ஒண்ணுமில்லக்கா" என்பான். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. கடையில் சண்டையில்லை, வீட்டில் குறையில்லை, காதல் தோல்வி கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் காரணம் கேட்டார்கள். காரணமே இல்லாமல் ஒரு மனிதன் இருண்டு போவதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடைசியில் அவன் குடிக்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிற்று. பார்த்தாயா, இதுதான் காரணம் என்றார்கள்.

குடித்தால் அந்த இன்னொரு கையும் சட்டைக்குள் நுழைந்துவிடும், அதனால்தான் குடித்தான். முதலில் மாலையில் கொஞ்சம், பிறகு மதியம். பிறகு காலையில் கை நடுங்கியது. நடுங்குகிற கையில் கண்ணாடி வெட்ட முடியாது. நடுக்கம் நிற்க காலையிலும் குடித்தான். குடித்ததற்காக வெட்கப்பட்டு இன்னும் இருண்டான், இருண்டதற்காக இன்னும் குடித்தான். முட்டை முந்தியா கோழி முந்தியா என்று வீடு விவாதித்துக்கொண்டிருந்தபோது, முட்டையும் கோழியுமாகச் சேர்ந்து அவனைத் தின்றுகொண்டிருந்தன.

தம்பி பொண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் புறப்பட்டபோது வாசலில் நின்று அழுதாள். "குடியோட நான் சண்டை போடுவேன் அண்ணி. அவர் சும்மா செவுத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரே, அதோட எப்படிச் சண்டை போடுறது?" அன்றிலிருந்து கட்டக்காவுக்கு இருந்தது ஒரே கவலை. தம்பி சாகக் கூடாது. நல்லபடி ஆவது, குடும்பம் சேர்வது எல்லாம் அப்புறம். முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறவளுக்கு வைத்தியம் ஒரு பெரிய விஷயமா என்றுதான் தோன்றும். மனநலப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. போதை மீட்புப் பிரிவு கேன்டீனைத் தாண்டி, சிமெண்ட் முற்றத்தின் பின்பக்கம், தனிக் கட்டடத்தில் இருந்தது. மாடிக்கு நீல அட்டை, பின்பக்கத்துக்குப் பழுப்பு அட்டை. நடுவில் இருபத்திரண்டு படியும் ஒரு முற்றமும். கட்டக்கா தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு தினமும் நாலு தடவை கடக்கிற தூரம்தான்.

மாடி டாக்டர் நல்லவர். வைரத்திடம் முக்கால் மணி நேரம் பேசினார், நிறைய எழுதிக்கொண்டார். பிறகு கட்டக்காவைக் கூப்பிட்டார். "குடியை நிறுத்தட்டும்மா. குடிக்கிற வரைக்கும் இது மனச்சோர்வா, இல்ல குடி பண்ற வேலையான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. சின்ன டோஸ்ல ஒரு மாத்திரை எழுதுறேன். ஒரு மாசம் குடிக்காம இருந்துட்டு வரட்டும், முழுசா ஆரம்பிச்சிடலாம்."

பின்பக்கத்துக்குப் போனார்கள். சீட்டு கீழே வந்தது. கட்டக்கா யோக்கியமாக 'உண்டு' என்று எழுதினாள், நீல ஃபைலையும் அனுப்பினாள். பின்பக்க டாக்டரும் நல்லவர்தான். அதைப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "உயிரோட இருக்கப் பிடிக்கலைன்னு சொல்லியிருக்காரேம்மா. அப்படிப்பட்ட ஆளை இங்க வச்சுக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. ராத்திரிக்கு ஒரே நர்ஸ். போன வருஷம் ஒரு ஆள் இங்க… வேண்டாம்மா. முதல்ல மாடியில மனசைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க, குடியை நான் பாத்துக்கறேன்." பழுப்பு ஃபைல் திறக்காமலேயே அனுப்பிவிட்டார்.

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். ஏழு மாதம் இப்படிப் போயிற்று. வைரமே ஒருநாள் படியில் உட்கார்ந்து சொன்னான்: "அக்கா, நான் லிஃப்ட் ஆயிட்டேன். மேல அமுக்கினா மேல போறேன், கீழ அமுக்கினா கீழ வர்றேன். ஒருத்தரும் ஏறத்தான் மாட்டேங்குறாங்க." அவனுக்கு எப்போதாவது வருகிற சிரிப்பு அன்றைக்கு வந்தது. கட்டக்காவும் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இரண்டு டாக்டர்களும் தினமும் காலை பதினோரு மணிக்கு கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பிள்ளைகளின் படிப்பு, காரின் டயர் எல்லாம் பேசுவார்கள். நோயாளியைப் பற்றி மட்டும் அங்கே பேச மாட்டார்கள், அது அவர்களுக்குள் ஒரு மரியாதை. "சார், அந்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கட்டக்கா மாடி டாக்டரிடம் கெஞ்சினாள். "கடிதம் எழுதியிருக்கேன்மா" என்றார். எழுதத்தான் எழுதியிருந்தார். ஆனால் கடிதம் பின்பக்கம் போனபோது அங்கே வைரத்துக்கு ஃபைலே இல்லை. ஃபைல் இல்லாத கடிதத்தை என்ன செய்வது? கீழே அனுப்பிவிட்டார்கள். கட்டக்கா அதைத் தன் கையாலேயே நீல ஃபைலில் செருகினாள்.

எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்பக்கத்தின் தலைமை நர்ஸ் கேன்டீன் வரிசையில் நின்றபடி, நாளை ஒரு படுக்கை காலியாகிறது என்றாள். வேலைக்குப் புதியவள், வைரத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. டாக்டரும் ஒரு மாத லீவில் இருந்தார், அவர் இடத்தில் வேறொருவர். கட்டக்காவுக்கு அதற்குமேல் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

மறுநாள் காலை வீட்டில் பை கட்டினாள். துண்டு, இரண்டு சட்டை, பல் துலக்கும் பிரஷ். வைரம் தன் மாத்திரை அட்டையை எடுத்து வைத்தான். கட்டக்கா அதை வெளியே எடுத்து அலமாரியில் போட்டாள்.

"இதைப் பாத்தா மாடியில காட்டுறோம்னு தெரிஞ்சுடும்டா."

"விட்டா தப்பில்லையாக்கா? விடக் கூடாதுன்னு சொன்னாரே."

"மூணு வாரம்தானே. குடியை விட்டுட்டு வந்தா அவரே பெரிய டோஸ் தரப் போறாரு."

அவன் தலையாட்டினான். அக்கா சொன்னால் அவனுக்கு அதற்குமேல் அப்பீல் கிடையாது.

பதினோரு மணிக்குச் சீட்டு கீழே வந்தது. இவருக்கு வேறு பிரிவில் ஃபைல் உண்டா? பதிவேட்டைப் புரட்டவே வேண்டியதில்லை. நீல ரேக், மூன்றாம் தட்டு, இடமிருந்து எட்டாவது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கட்டக்கா பேனாவை எடுத்து 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கொஞ்சமும் தயங்கவில்லை. சொல்லப் போனால் சந்தோஷமாகத்தான் எழுதினாள். வேலியே பயிரை மேய்ந்தது என்று யாராவது சொல்லலாம். இவள் மேயவில்லை. வெளியே நின்ற ஒரு கன்றை உள்ளே விடுவதற்காக வேலியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கம் கிணறு இருந்தது.

பின்பக்க வார்டு தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. அதைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். முதல் ஐந்து நாள் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, கண்ட கண்ட உருவங்கள் தெரிந்தன, நர்ஸ்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். பத்தாவது நாள் சாப்பிட்டான். இருபத்திரண்டாவது நாள் வெளியே வந்தான். "உங்க தம்பி தங்கமான பேஷண்ட். ஒரு தொந்தரவு கிடையாது, சத்தம் கிடையாது" என்றாள் தலைமை நர்ஸ். சத்தமே இல்லாமல் இருந்ததைக் கட்டக்காவும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

கடையில் அவனை மாலை போடாத குறையாக வரவேற்றார்கள். முதல்நாளே ஆறடிக் கண்ணாடியைக் கிடத்தி ஒரே இழுப்பில் வெட்டினான். கடைக்காரர் போன் போட்டு, "கட்டக்கா, வைரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டீங்க" என்றார். கட்டக்கா அன்றைக்கு வண்டியைத் தள்ளியபோது தனக்குள் பாடிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் உண்டு. தம்பி பொண்டாட்டிக்கும் செய்தி சொன்னாள். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் அண்ணி என்றாள் அவள். எல்லோருக்கும் இந்த ஒரு மாதம்தான் கணக்கு. அலமாரியில் போட்ட மாத்திரை அட்டையும் அது முடியட்டும் என்று அங்கேயே கிடந்தது.

வந்த மூன்றாம் நாள் காலை, சட்டையின் ஒரு கையில் மட்டும் கை நுழைத்தபடி அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பார்த்தாள், ஆனால் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போனாள். தூக்கக் கலக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றான்.

"குடிச்சப்ப எல்லாம் பனி பிடிச்ச கண்ணாடி வழியா பாக்குற மாதிரி இருக்கும்க்கா. இப்ப நல்லா தொடச்சு வச்ச மாதிரி தெளிவா தெரியுது."

"நல்லதுதானேடா."

"அந்தப் பக்கம் தெரியுறது நல்லதா இருந்தா நல்லது." பிறகு கேட்டான்: "மாடிக்குப் போலாமாக்கா?"

கட்டக்கா காலண்டரைப் பார்த்தாள். வார்டில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்தாள். "இருபத்தஞ்சு ஆச்சு. ஒரு மாசம்னுதானே சொன்னாரு? இன்னும் அஞ்சே நாள். இப்ப போனா, முப்பது முடியட்டும்னு திருப்பி அனுப்பிடுவாரு. தலை நிமிந்து போலாம்டா, யாரும் ஒரு குறை சொல்ல முடியாது."

"சரிக்கா" என்றான்.

இருபத்தேழாவது நாள் மதியம் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. "கட்டக்கா, வைரத்தை உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வர்றோம். மேல வந்துடுங்க." சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போயிருந்தபோது, கடையின் உள் அறையில் அவன் தன்னை என்ன செய்துகொண்டான் என்பதை இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு அதை எடுக்கத் திரும்பி வந்தார். அந்த மறதி இல்லையென்றால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அவசரப் பிரிவில் அன்றைக்கு ஒரு பெண் டாக்டர் இருந்தாள். கட்டக்காவை அவளுக்குத் தெரியும், ஆனால் படுத்திருப்பது யாரென்று தெரியாது. "கட்டக்கா, இவரோட பழைய ரெக்கார்டு எல்லாம் வேணும். எந்தப் பிரிவா இருந்தாலும் சரி, உடனே."

கட்டக்கா கீழே ஓடினாள். நீல ரேக்கிலிருந்து ஒன்று, பழுப்பு ரேக்கிலிருந்து ஒன்று. இரண்டையும் மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். வைத்ததும் அவளுடைய வலது கை தானாக வெள்ளை நாடா உருண்டையை நோக்கிப் போனது. இருபத்தாறு வருடப் பழக்கம். ஒரே ஆளின் இரண்டு ஃபைல் ஒரே மேஜைக்கு வந்தால் அடுத்தது நாடாதான். நெருப்பைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, என் கையே" என்று அந்தக் கையை மேஜையில் ஓங்கி அடித்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பயந்து, ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று என்று பிடித்துக்கொண்டு படியேறினாள்.

டாக்டர் இரண்டையும் கட்டில் கால்மாட்டில் பக்கம் பக்கமாக விரித்தாள். அந்த இரண்டு ஃபைலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காரே. பழுப்புல அதைப் பத்தி ஒண்ணுமே இல்ல, எப்ப நிறுத்தினாரு?" என்று ஃபைலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இருபத்தேழு நாள் ஆச்சு."

"திடீர்னா? யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்தான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பழுப்பு ஃபைலைப் புரட்டினாள். சீட்டு அகப்பட்டது. "வேற ஃபைல் இல்லைன்னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"தெரியாம எழுதிட்டீங்களா?"

"தெரிஞ்சேதான் எழுதினேன். இவன் என் தம்பி, டாக்டர்."

"கட்டக்கா! நீங்க போய் இப்படி…"

"உண்டுன்னு எழுதியிருந்தா சேத்துக்கிட்டிருப்பாங்களா டாக்டர்? எட்டு மாசம் முன்னாடி உண்டுன்னுதான் எழுதினேன்."

டாக்டர் குனிந்து நீல ஃபைலைப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. மாடி டாக்டர் முதல் நாளே வைரம் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்திருந்தார். அதை டாக்டர் மெல்ல வாசித்தாள்: "'குடிச்சா கொஞ்ச நேரம் இது வாயை மூடிக்கிட்டு இருக்கு. குடிக்கலன்னா இது மட்டும்தான் இருக்கு.'"

கட்டக்கா கால்மாட்டில் கிடந்த நீல அட்டையைப் பார்த்தாள். தன் தம்பி சொன்ன வார்த்தை எட்டு மாதமாகத் தன் ரேக்கில், தான் கட்டிய நாடாவுக்குள் கிடந்திருக்கிறது. தினமும் அதைக் கடந்து போயிருக்கிறாள். படிக்க மாட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைப் படித்திருந்தால் குடியை மட்டும் பிடுங்கிவிட்டு அவனை அதனிடம் தனியாக விட்டிருப்பாளா? அந்த இடத்திலேயே உட்கார்ந்து, சுற்றி நின்ற யாரையும் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள்.

அவன் பிழைத்தான். நாலாம் நாள் கண்ணைத் திறந்து, வறண்ட உதட்டோடு கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பக்கம்க்கா இது? மாடியா, பின்பக்கமா?"

"ரெண்டும் இல்லடா. நடுவுல இருக்க."

"நல்ல இடமா இருக்கே" என்றான். கண் ஓரத்தில் நீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. துடைத்தால் தானும் அழுதுவிடுவாள் என்று பயந்தாள்.

அவசரப் பிரிவில் ஒரு வாரத்துக்குமேல் யாரையும் வைத்திருக்க முடியாது. பெண் டாக்டர் இரண்டு பிரிவுக்கும் எழுதினாள். ஆறாம் நாள் காலை இரண்டு பதில்களும் கீழே வந்தன, ஃபைலில் செருகுவதற்காக. பின்பக்கத்து டாக்டர் லீவு முடிந்து வந்திருந்தார். 'உயிருக்கு ஆபத்தான எண்ணம் உள்ளவர். மனநலப் பிரிவில் சரியான பிறகு அனுப்பவும்.' மாடியில் படுக்கை காலியில்லை. 'குடிநோய் உள்ளவர். போதை மீட்புப் பிரிவில் தொடரவும். இன்றிலிருந்து ஒரு மாதம் முடிந்ததும் புறநோயாளியாக வரலாம்.' மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் தள்ளிவிட்டதில் மத்தளம் தரையில் உருண்டுகொண்டிருந்தது. கூடவே மூன்றாவதாக ஒரு காகிதமும் இருந்தது. தவறான தகவல் அளித்ததற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கட்டக்காவுக்கு ஆபீசிலிருந்து வந்த மெமோ. அதில் தப்பே சொல்ல முடியாது. மூன்று காகிதத்திலும் சரியான இடத்தில் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தாள். இப்போது அவள் எல்லாவற்றையும் படிக்கிறாள். மறுநாள் தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அதே கட்டில் ஓரம், அதே சட்டை. குடிக்காமல் முப்பது நாள் தாண்டியிருந்தும், மறுபடியும் ஒன்றிலிருந்து கோடு போட வேண்டும். இந்தத் தடவை யாரும் மூக்குக்கண்ணாடியை மறக்க மாட்டார்கள்.

மணி பதினொன்று ஆகப் போகிறது. கட்டக்கா நீல ஃபைலை எடுத்தாள், அதன்மேல் பழுப்பை வைத்தாள். இரண்டு பதில்களையும் நடுவில் செருகினாள். தன் 'இல்லை' சீட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள், யாரும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று. வெள்ளை நாடா உருண்டையை இழுத்தாள். கை கொஞ்ச நேரம் வர மறுத்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு அந்த நாடாவைச் சுற்றுவது அவன் கழுத்திலேயே சுற்றுவது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போட்டாள்.

கேன்டீனில் அதே மேஜை. இரண்டு டீ கிளாஸ். மாடி டாக்டர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கட்டக்கா கட்டைக் கொண்டுபோய் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். வெள்ளை நாடாவுக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர் இல்லை. சிரிப்பு நின்றது. பின்பக்க டாக்டர் கையிலிருந்த கிளாஸை மெல்லக் கீழே வைத்தார்.

"யாரும்மா போயிட்டாங்க?" என்றார் மாடி டாக்டர். பெயரைப் படித்தார். "ஐயோ… எப்ப?"

"இன்னும் போகல சார். அவசரப் பிரிவுல ஏழாம் நம்பர் கட்டில்ல படுத்திருக்கான். போன பிறகுதான் ரெண்டையும் சேத்துக் கட்டணும்னு சட்டம், எனக்கும் தெரியும்." கட்டக்கா நாற்காலியை இழுத்து அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "நான்தான் முன்னாடியே கட்டிட்டேன். அவுத்துப் படிங்க சார், ரெண்டு பேரும். படிச்சு முடிக்கிற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்."